மெத்தென்ற சீட்டு உங்களைக் காப்பாற்றாது

சைக்கிளில் ஒரு மணி நேரம் போய் இறங்கினால் இரண்டு தொடைக்கும் நடுவே உணர்ச்சியே இல்லை. நாலு அடி நடந்த பிறகு சுருக் சுருக்கென்று ஊசி குத்துவதுபோல் உணர்ச்சி திரும்புகிறது. இதை வாய்விட்டுச் சொல்கிறவர்கள் குறைவு. முழங்கால் வலி என்று என்னிடம் வருகிறவர்கள் எல்லாம் பேசி முடித்து, எழுந்து கதவுவரை போன பிறகு திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தி இதைக் கேட்பார்கள். பெண்களில் பலர் அப்படிக்கூடக் கேட்பதில்லை. கேட்கிறவர்களும் அதற்குள் கடைக்குப் போய் ஒரு ஸ்பாஞ்ச் கவர் வாங்கிச் சீட்டின்மேல் மாட்டியிருப்பார்கள். மரப்பு குறைந்ததா என்றால் இல்லை என்பார்கள். சிலருக்குக் கூடியே இருக்கும்.

ஏன் கூடுகிறது என்பதைக் காஞ்சிபுரத்துக்காரர்களுக்குப் புரியவைப்பது எளிது. பிள்ளையார்பாளையத்தில் குழித்தறி உள்ள எந்த வீட்டுக்குள்ளும் எட்டிப் பாருங்கள். நெசவாளர் உட்காருவது மரப்பலகையில். மிஞ்சினால் மேலே ஒரு துணியை மடித்துப் போட்டிருப்பார். கால்களைக் குழிக்குள் விட்டு மிதிப்பலகையை மிதித்தபடி பொழுதெல்லாம் அதே இடம். முதுகு வலிக்கிறது, தோள்பட்டை இறுகுகிறது, முழங்கால் மடக்க முடியவில்லை என்றெல்லாம் அவர்கள் சொல்வார்கள். அந்த நடுப்பகுதி மரத்துப்போகிறது என்று தறிப்பலகையைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. அதே மனிதர் நெய்து முடித்த சேலையைக் கேரியரில் வைத்துக்கொண்டு நெசவாளர் சங்கத்துக்குச் சைக்கிளில் போய்வந்தால் மரத்துப்போகிறது என்கிறார். கட்டையான பலகையில் வராத தொல்லை, பஞ்சு வைத்த சீட்டில் வருகிறது.

பலகை அகலமானது. அதில் உட்காரும்போது உடம்பின் எடை முழுவதும் புட்டத்துக்கு அடியில் இருக்கும் இரண்டு எலும்பு முனைகளில் இறங்குகிறது. கையை அடியில் வைத்து உட்கார்ந்து பாருங்கள், இரண்டு பக்கமும் கட்டியாகத் தட்டுப்படும். உட்காருவதற்கென்றே அமைந்த எலும்புகள் அவை. எவ்வளவு எடையையும் தாங்கும். அந்த இரண்டுக்கும் நடுவில், ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் இடைப்பட்ட மெல்லிய பகுதியில் எலும்பு கிடையாது. அந்த இடத்துக்கும் பிறப்புறுப்புக்கும் உணர்ச்சி தரும் புடெண்டல் நரம்பும், இரத்தம் கொண்டுபோகும் குழாய்களும் அவ்வழியாகத்தான் ஓடுகின்றன. சைக்கிள் சீட்டின் குறுகலான மூக்கு அழுத்துவதும் அதே இடத்தை. நரம்பு நசுங்குகிறது, இரத்தம் குறைகிறது, மரத்துப்போகிறது.

ஸ்பாஞ்ச் இங்கே என்ன செய்கிறது? எடை விழும் இரண்டு எலும்பும் பஞ்சுக்குள் அமிழ்ந்துவிடும். அமிழாத நடுப்பஞ்சு மேலே எழும்பி, எதைக் காப்பாற்ற வேண்டுமோ அதையே முட்டும். கடையில் விரலால் அமுக்கிப் பார்த்தால் சுகமாக இருக்கும். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் தெரியும். ஜெல் கவரும் இதே கதைதான். 2002இல் ஜெர்மானிய மருத்துவர்கள் ஆண்களைப் பலவகைச் சீட்டுகளில் உட்காரவைத்து ஆணுறுப்புக்குப் போகும் ஆக்சிஜன் அளவை அளந்து வெளியிட்டார்கள். தடிமனாகப் பஞ்சு வைத்த குறுகலான சீட்டில் அது 80 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. மூக்கில்லாத அகலச் சீட்டில் சரிவு 20 சதவீத அளவோடு நின்றது. பஞ்சின் தடிமனைவிட அகலமே முக்கியம் என்பது அவர்கள் முடிவு.

ஆகவே நான் சொல்வது ஒன்றுதான். எடையை எலும்புக்கு மாற்றுங்கள். அதற்குப் பெரும்பாலும் புதுச் சீட்டுகூட வேண்டாம், ஒரு ஸ்பானர் போதும்.

முதலில் சீட்டின் சாய்மானம். வண்டியைச் சுவரோரம் நேராக நிறுத்தி, பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து சீட்டைப் பாருங்கள். நம் ஊரில் ஓடும் பழைய கனமான சைக்கிள்களில் நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு, மூக்கு மேலே தூக்கி நிற்பது. யாரும் வேண்டுமென்று அப்படி வைப்பதில்லை. பின்பக்கம் உள்ள இரண்டு ஸ்பிரிங்கும் வருஷக்கணக்கில் எடை தாங்கித் தாங்கித் தளர்ந்துபோகும், பின்புறம் இறங்கும், மூக்கு தானாக எழும்பும். இன்னொன்று, சீட்டைக் குழாயோடு பிடிக்கும் கிளிப்பில் பல் வைத்த வட்டத் தகடுகள் இருக்கும். பல் தேய்ந்துவிட்டால் நட்டை எவ்வளவு இறுக்கினாலும் ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கியதும் சீட்டு பின்னால் சரிந்துகொள்ளும். பல் தேய்ந்திருந்தால் கிளிப்பையே மாற்றுங்கள், பெரிய செலவில்லை. ஸ்பிரிங் படுத்திருந்தால் சீட்டை மாற்றுவதுதான் வழி.

சரிசெய்வது இப்படி. கிளிப்பின் இரண்டு பக்க நட்டையும் தளர்த்துங்கள். ஒரு பக்கம் மட்டும் தளர்த்திவிட்டுச் சீட்டை முறுக்கினால் பல் உடையும். சீட்டின்மேல் நீளவாக்கில் ஒரு ஸ்கேலை வையுங்கள், அதன்மேல் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம். இல்லையென்றால் கைப்பேசியில் மட்டம் பார்க்கும் வசதி இருக்கும், அதுவும் போதும். முதலில் சரியாக மட்டத்துக்குக் கொண்டுவந்து இரண்டு நட்டையும் மாற்றி மாற்றி இறுக்குங்கள். இரண்டு நாள் ஓட்டிய பிறகும் மரத்தால் மூக்கை நூலளவு கீழே இறக்கலாம். அதற்கு மேல் இறக்காதீர்கள். உடம்பு முன்னால் வழுக்கும், வழுக்காமல் இருக்கக் கையை ஊன்றுவீர்கள், பிறகு சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகிறது என்று புதுத் தொல்லை தொடங்கும்.

அடுத்தது உயரம். இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும் என்று சீட்டை அடிவரை இறக்கி வைத்திருப்பவர்கள் ஏராளம். நெரிசலான காந்தி ரோட்டில் அடிக்கடி நின்று போகிறவர்களுக்கு அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் சீட்டு தாழ்ந்தால் கால் முழுதாக நீளாது, எடையைக் கால் வாங்கிக்கொள்ளாது, எல்லாம் சீட்டின் மேலேயே உட்காரும். அதிக உயரமும் ஆகாது. பெடல் கீழே போகும்போதெல்லாம் இடுப்பு அந்தப் பக்கம் சாய்ந்து எட்டிப் பிடிக்கும். ஒவ்வொரு மிதிக்கும் சீட்டின் விளிம்பு உள்தொடையில் தேய்க்கும், தோல் கன்றும். சரியான அளவைக் குதிகாலை வைத்துப் பார்க்கலாம். செருப்போடு சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். இடுப்பு சாயாமல் கால் நேராக நீள வேண்டும். அந்த உயரத்தில் பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்றப் பழகிக்கொள்ளுங்கள், ஒரு வாரத்தில் வந்துவிடும். சீட்டுக் குழாயில் அதிகபட்ச உயரத்துக்கு ஒரு கோடு போட்டிருந்தால் அந்தக் கோடு வெளியே தெரியக் கூடாது.

ஹேண்டில்பாரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கை எட்டாத தூரத்திலோ சீட்டைவிடத் தாழ்வாகவோ அது இருந்தால் உடம்பு குனியும். குனிந்தால் இடுப்பெலும்பு முன்னால் உருளும், எடை எலும்பு முனைகளை விட்டு மூக்கின்மேல் போய்விடும். பழைய பால்காரர் சைக்கிளில் ஹேண்டில்பார் உயரமாக, நம்மை நோக்கி வளைந்து வரும். நிமிர்ந்து உட்கார்ந்து போவதற்கென்றே அமைந்த வண்டி அது. அகலச் சீட்டும் அதற்குப் பொருத்தம். இப்போது ஐம்பது வயதில் உடற்பயிற்சிக்கென்று வாங்குகிறவர்களுக்குத் தட்டையான ஹேண்டில்பாரும் குறுகலான சீட்டும் உள்ள கியர் சைக்கிளை எடுத்துக் கொடுக்கிறார்கள். தோற்றத்துக்காக வாங்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களென்றால் ஹேண்டில்பாரைச் சீட்டின் உயரத்துக்காவது ஏற்றித் தரச் சொல்லுங்கள். பழைய வகை வண்டியில் நடுவில் உள்ள நீண்ட போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, அதன் தலையில் மரக்கட்டை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் ஸ்டெம் விடுபட்டு மேலே வரும். புதிய வகைகளில் அப்படி வராது, மேல்நோக்கி வளைந்த ஸ்டெம் மாற்ற வேண்டியிருக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் மரத்தால்தான் சீட்டின் அகலத்தைப் பார்க்க வேண்டும். பார்சல் வரும் அலையலையான அட்டையில் ஒரு துண்டு எடுத்து மாடிப்படியில் வையுங்கள். மெல்லிய உடையோடு அதன்மேல் உட்கார்ந்து, முழங்காலைக் கொஞ்சம் உயர்த்தி, லேசாக முன்னால் சாய்ந்து அரை நிமிஷம் இருங்கள். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு குழிகள் விழுந்திருக்கும். இரண்டின் மையத்துக்கும் இடையே ஸ்கேல் வைத்து அளங்கள். பெரும்பாலோருக்கு 10 முதல் 15 சென்டிமீட்டருக்குள் வரும். பெண்களுக்குப் பொதுவாகக் கூடுதல். சீட்டின் அகலமான பகுதி அந்த அளவைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் அதிகம் இருக்க வேண்டும். நிமிர்ந்து ஓட்டுகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் தேவை. ஆளின் பருமனைப் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. ஒல்லியானவருக்கும் எலும்பு அகன்றிருக்கலாம். அழுத்தினால் ஓரளவுக்கு மேல் அமுங்காத, நடுவில் பள்ளமோ திறப்போ உள்ள சீட்டைத் தேர்ந்தெடுங்கள்.

தினமும் பல மணி நேரம் சைக்கிளிலேயே பிழைப்பவர்களுக்கு மூக்கே இல்லாத சீட்டு என்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் சைக்கிளில் ரோந்து போகும் போலீசாரிடம் மரப்பு அதிகம் இருப்பதைத் தொழிலாளர் உடல்நலத்துக்கான அந்நாட்டு அரசு ஆய்வு நிறுவனமான நியோஷ் கண்டுபிடித்தது. 90 போலீசாருக்கு மூக்கில்லாச் சீட்டு கொடுத்து 6 மாதம் ஓட்டச் சொன்னது. மரப்பே இல்லை என்று சொன்னவர்கள் தொடக்கத்தில் 27 சதவீதம், முடிவில் 82 சதவீதம். 2008இல் வெளியான ஆய்வு இது. பார்க்க விநோதமாக இருக்கும், வண்டியை வளைத்துத் திருப்பப் பழக நாளாகும், நம் கடைகளில் எளிதில் கிடைக்காது. மற்ற வழியெல்லாம் தோற்றவர்களுக்கு மட்டுமே இதைச் சொல்வேன்.

இனி நம் ஊருக்கென்றே உள்ள ஒரு விஷயம். காஞ்சிபுரத்தைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் தட்டையான சாலை. உத்திரமேரூர்க் கல்வெட்டு பார்க்கப் போங்கள், ஐயங்கார்குளம் நடவாவிக் கிணறு பார்க்கப் போங்கள், மேடு என்று சொல்ல ஒன்றும் வராது. மலைச்சாலையில் ஓட்டுகிறவர் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிப்பார், இறக்கத்திலும் புட்டத்தைத் தூக்கிக்கொள்வார். அழுத்தம் தானாக விட்டுவிட்டு விழும். நம் சாலையில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே ஒரு மணி நேரம் போவார். ஞாயிற்றுக்கிழமை விடியலில் சென்னையிலிருந்து காஞ்சிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் மிதித்து வரும் இளைஞர்கள், ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் தாண்டும்போது மரக்கத் தொடங்குகிறது என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எழுந்திருக்க நீங்களே காரணம் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை இரண்டு பெடலையும் மட்டமாக நிறுத்தி, சீட்டை விட்டு எழுந்து, இருபது எண்ணும்வரை நின்றபடி போங்கள். எழுந்த உடனே இரத்த ஓட்டம் திரும்பத் தொடங்கும். வேகத்தடையும் ரயில்வே கேட்டும் குழியும் வரும்போதெல்லாம் எழுந்துகொள்ளுங்கள். அதிர்ச்சியையும் கால் வாங்கிக்கொள்ளும். கியர் உள்ள வண்டியில் காற்றில் மிதிப்பதுபோல் லேசான கியரில் போகாதீர்கள். கொஞ்சம் அழுத்தி மிதித்தால்தான் காலுக்கு எடை போகும். மரத்த பிறகு எழுந்துகொள்ளலாம் என்று காத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மரப்பு வந்துவிட்டதென்றால் நரம்பு ஏற்கெனவே நசுங்கியாயிற்று.

தறியிலிருந்து நேராகச் சைக்கிளுக்குப் போகிறவர்கள் நடுவில் இரண்டு நிமிஷம் கொடுங்கள். நாளெல்லாம் மடங்கியிருந்த இடுப்பின் முன்தசை சுருங்கியிருக்கும். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை நன்றாகப் பின்னால் வைத்து, முன்காலை மடக்கி, முதுகு நிமிர்ந்தபடி இடுப்பை முன்னால் தள்ளி நில்லுங்கள். முப்பது எண்ணிவிட்டுக் கால் மாற்றுங்கள். பிறகு வண்டியில் உட்கார்ந்தால் முதுகு கூனாமல் எலும்பின்மேல் உட்கார வரும்.

உடையைப் பற்றி வெட்கமில்லாமல் பேசிவிடுகிறேன். லுங்கியைத் தூக்கிக் கட்டி உட்காரும்போது துணி திரண்டு நடுவில் முடிச்சாகிறது. ஜீன்ஸில் நான்கு தையலும் கூடும் தடித்த இடம் சரியாக நரம்பின்மேல் வருகிறது. பின்பையில் பர்ஸ் வைத்தால் இடுப்பு ஒரு பக்கம் ஏறும். நீண்ட தூரத்துக்குப் பேட் தைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் நல்லது. அதை அப்படியே போட்டுக்கொண்டு சங்க வாசலில் நிற்கக் கூச்சமாக இருந்தால் பேன்ட்டுக்கோ சுடிதாருக்கோ உள்ளே போடுங்கள். அதனுள் ஜட்டி போடக் கூடாது. தையல் இல்லாமல் தோலோடு ஒட்டியிருப்பதுதான் அதன் பயன். ஒவ்வொரு முறையும் துவைத்து வெயிலில் காயப்போட வேண்டும். நம் வெயிலில் வியர்வையும் உராய்வும் சேர்ந்து தோல் கன்றி, மயிர்க்காலில் சீழ்க்கட்டி வரும். உராயும் இடத்தில் வாசலின் தடவலாம். பவுடர் வியர்வையில் கட்டிகட்டியாகத் திரளும், வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் கழுவி, ஈரம் ஒற்றி, உலர்ந்த பருத்தி உடைக்கு மாறுங்கள். கட்டி வந்தால் பிதுக்காமல், ஆறும்வரை சைக்கிளை நிறுத்துங்கள். சர்க்கரை நோய் உள்ளவர் முதல் நாளே மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெண்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். உண்டு. மரப்பும் வீக்கமும் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலும் வரும். சேலையும் உள்பாவாடையும் மடிந்து உட்காரும் இடத்தில் திரளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூக்கு உயர்ந்த சீட்டு பெண்களையும் வருத்தும். தமிழ்நாட்டில் 2001-02இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் விரிந்தது. வண்டி ஒன்றுபோல வருகிறது, பிள்ளைகள் ஒன்றுபோல இல்லை. வண்டி வீட்டுக்கு வந்த அன்றே சீட்டின் உயரத்தையும் மட்டத்தையும் அந்தப் பிள்ளைக்கு ஏற்ப வைத்துக் கொடுப்பது பெற்றோர் வேலை. வலிக்கிறது என்று மகள் தானாக வந்து சொல்ல மாட்டாள். அம்மாதான் கேட்க வேண்டும்.

எப்போது மருத்துவரைப் பார்ப்பது? இறங்கிச் சில நிமிஷங்களில் உணர்ச்சி திரும்பினால், மேலே சொன்னவற்றைச் செய்து பாருங்கள், அதுவரை தூரத்தைக் குறையுங்கள். மறுநாளும் மரப்பு மிச்சமிருந்தால், சிறுநீரில் இரத்தம் வந்தால், ஆண்களுக்கு விறைப்பில் குறை தெரிந்தால் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிறுநீரக அறுவை மருத்துவரைப் பாருங்கள். ஆரம்பத்தில் பார்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கடைசியாக ஒன்று, குறிப்பாக நாளெல்லாம் தறியில் உட்கார்ந்து முதுகு வலியோடு இருப்பவர்களுக்கு. சீட்டு தொடும் அதே இடம் சைக்கிள் ஓட்டாமலேயே மரத்துப்போனால் அது சீட்டின் குற்றமல்ல. முதுகெலும்பு இடைத்தட்டு பிதுங்கி, அடிமுதுகில் பிரியும் நரம்புக் கொத்தை நெரிக்கிறது என்று அர்த்தமாகலாம். அதோடு இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலி, கால் பலவீனம், சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமலே கசிவது, மலத்தை அடக்க முடியாமல் போவது இவற்றில் ஒன்று சேர்ந்தாலும், அந்த மரப்பு மட்டுமே வந்தாலும்கூட, அவசர சிகிச்சை தேவை. தைலம் தேய்த்து, ஊசி போட்டுக்கொண்டு, காலையில் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். மணிக்கணக்கில் தாமதித்தாலே சிறுநீர்க் கட்டுப்பாடு நிரந்தரமாகப் போய்விடலாம். நடு இரவானாலும் அப்போதே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். எந்த இடம் மரத்திருக்கிறது என்பதை அங்கிருக்கும் மருத்துவரிடம் கூச்சப்படாமல் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.